கருப்பையை எடுத்த பிறகு தெரியவரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்: இரண்டாவது ஆபரேஷன் யாருக்கு, எந்த வழியில்?

ஃபைப்ராய்டு கட்டிக்காகவோ, மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்குக்காகவோ ஒரு பெண்ணுக்குக் கருப்பையை எடுத்திருப்பார்கள். தையல் ஆறிக்கொண்டிருக்கும். தொல்லை ஒழிந்தது என்று வீடே மூச்சுவிட்டிருக்கும் வேளையில் பயாப்சி ரிப்போர்ட் வரும். எடுத்த கருப்பையின் வாய்ப்பகுதியில் புற்றுநோய் இருந்ததாக அதில் எழுதியிருக்கும்.

அந்த வீட்டில் எழும் முதல் கேள்வி, "அதான் கருப்பையையே எடுத்தாச்சே, இன்னும் என்ன மிச்சம்?" அடுத்த கேள்வி, "மறுபடியும் வயிற்றைக் கிழிக்கணுமா, லேப்ராஸ்கோப்பியில் முடியாதா?" இரண்டும் நியாயமானவை. ஆனால் இவற்றுக்கு நடுவே இன்னொரு கேள்வி இருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன் உண்மையிலேயே வேண்டுமா? பதற்றத்தில் அது கேட்கப்படாமலே போய்விடுகிறது. துளையா கீறலா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், என்ன மிச்சம் என்பதைப் பார்ப்போம். சாதாரணக் கருப்பை நீக்கத்தில் கத்தி கருப்பைவாயை ஒட்டியே போகும். கட்டிக்காகவும் உதிரப்போக்குக்காகவும் செய்கிற ஆபரேஷனில் அப்படிச் செய்வதுதான் சரி, சுற்றியுள்ள உறுப்புகளுக்கு அதுவே பாதுகாப்பு. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று முன்பே தெரிந்து செய்யும் விரிவான ஆபரேஷன் வேறு. அதில் கருப்பைவாயின் இருபுறமும் இடுப்பெலும்புச் சுவர் நோக்கி விரிந்திருக்கும் பாராமெட்ரியம் என்ற திசுவையும், யோனியின் மேற்பகுதியையும், இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். புற்றுச்செல்கள் வெளியே கிளம்பினால் முதலில் போகும் வழி இவைதான். வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் 1898-இல் இந்த விரிவான ஆபரேஷனைச் செய்யத் தொடங்கியதன் காரணமும் அதுவே. சாதாரண நீக்கத்தில் இந்த மூன்றும் உடலிலேயே இருந்துவிடுகின்றன. அவற்றில் புற்று இருக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது கண்டுபிடிக்க வேண்டியது. பெரும்பாலும் அதற்கான பதிலின் முக்கால் பங்கு, ஏற்கெனவே எடுத்து ஃபார்மலினில் போட்ட கருப்பைவாயிலேயே இருக்கிறது.

பரிசோதனைக்கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கலாம். கட்டிக்காக வந்த கருப்பை என்றால், கருப்பைவாயின் முன்னிதழிலிருந்து ஒரு துண்டு, பின்னிதழிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் சந்தேகம் தட்டினால் மிச்சமிருக்கும் கருப்பைவாயைக் கடிகார முகம்போல் வைத்துக்கொண்டு, 12 மணி, 1 மணி, 2 மணி என்று சுற்றிலும் கீற்றுக்கீற்றாக அறுப்பார்கள். ஒவ்வொரு கீற்றும் மெழுகுக் கட்டியில் பதிக்கப்படும். அதை ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எவ்வளவு அகலம், வெட்டிய விளிம்பில் செல்கள் இருக்கின்றனவா, நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்கோ ரத்தக் குழாய்களுக்கோ உள்ளே செல்கள் நுழைந்திருக்கின்றனவா, செதிள்செல் வகையா சுரப்பிசெல் வகையா. இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சிகிச்சையை முடிவுசெய்யக் கூடாது. அந்த மெழுகுக் கட்டிகளையும் தகடுகளையும் கேட்டு வாங்கி, பெண்களின் புற்றுநோய்களையே தொடர்ந்து பார்க்கிற நோய்க்குறியியல் நிபுணரிடம் இரண்டாவது முறை காட்டுவது வீண் அலைச்சல் இல்லை. ஆழம் 3 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்பதில் சிகிச்சையே மாறிவிடும்.

மகளிர் நலம், மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2018-இல் திருத்திய நிலைப் பகுப்பின்படி, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் புற்று 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் 1ஏ1. அதற்கு மேல் 5 மில்லிமீட்டர் வரை 1ஏ2. 5 மில்லிமீட்டரைத் தாண்டி, அளவில் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 1பி1. நிணநீர் முடிச்சில் புற்று இருந்துவிட்டால், கட்டி எவ்வளவு சிறியதானாலும் அது 3சி.

1ஏ1, குழாய்களுக்குள் செல் நுழையவில்லை, விளிம்பும் சுத்தம் என்றால் நடந்த ஆபரேஷனே சிகிச்சை. மேற்கொண்டு எதுவும் வேண்டாம், கண்காணிப்பு போதும். இந்த நிலையில் முன்பே நோய் தெரிந்திருந்தாலும் சாதாரண நீக்கத்தைத்தான் செய்திருப்பார்கள். "புற்றுநோய்" என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு வரும். இந்தப் பெண்களுக்கு அந்தத் துடிப்புதான் ஆபத்து.

மறுகோடியில், வெட்டிய விளிம்பிலேயே புற்று இருக்கிறது, ஸ்கேனில் கட்டி மிச்சம் தெரிகிறது, நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறது என்றால் அவர்களுக்கும் இரண்டாவது ஆபரேஷன் கிடையாது. கதிர்வீச்சும் கூடவே கீமோவும்தான் வழி. இதைத் தெரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ., பெட் சி.டி. எடுப்பார்கள். ஆறாத புண்ணும் அழற்சியும் பெட் சி.டி.யில் புற்றுபோலவே ஒளிரக்கூடும் என்பதால், அந்தப் படத்தைப் படிப்பவருக்கு ஆபரேஷன் நடந்த தேதி தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றித்தான் விவாதமே. 1ஏ1 ஆனால் குழாய்க்குள் செல் நுழைந்தவர்கள், 1ஏ2, சிறிய 1பி1. விளிம்பு சுத்தம், ஸ்கேனும் சுத்தம். இவர்களுக்குக் காலம்காலமாக இரண்டு வழிகள் சொல்லப்பட்டு வந்தன. ஒன்று கதிர்வீச்சு. மற்றது, விட்டுப்போன பாராமெட்ரியத்தையும் யோனியின் மேல்நுனியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கும் மறு ஆபரேஷன். இதற்குப் பெயர் ராடிக்கல் பாராமெட்ரெக்டமி. லேப்ராஸ்கோப்பியும் ரோபோட்டும் பேச்சில் வருவது இங்கேதான்.

துளை வழி ஆபரேஷன் பற்றிப் பேசினால் 2018-ஐத் தவிர்க்க முடியாது. அதுவரை, வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் போட்டு விரிவான கருப்பை நீக்கத்தைச் செய்வது திறந்த ஆபரேஷனுக்குச் சமம் என்றே பலரும் நம்பினார்கள். ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இதை முறையாகச் சோதிக்க 2008-இல் தொடங்கிய லாக் ஆய்வில் 33 மருத்துவமனைகளில் 631 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். நான்கரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் துளை வழியில் 86 சதவீதம், திறந்த ஆபரேஷனில் 96.5 சதவீதம். நோய் திரும்பியது 27 பேருக்கும் 7 பேருக்கும். இறந்தவர்கள் 19 பேரும் 3 பேரும். வித்தியாசம் தெரியவந்ததுமே ஆய்வில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே நேரத்தில் அமெரிக்கப் பதிவேடுகளில் 2,461 பெண்களின் விவரத்தை எடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வும் அதையே சொன்னது. நான்கு ஆண்டு இறப்பு துளை வழியில் 9.1 சதவீதம், திறந்த வழியில் 5.3 சதவீதம். நவீனமானது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த ஒரு துறைக்கு அது பெரிய அடி. அதை மறைக்காமல் வெளியிட்டு, வழிகாட்டு நெறிகளையே மாற்றிக்கொண்டதற்காக அந்தத் துறையை மதிக்கிறேன்.

ஏன் அப்படி ஆயிற்று? பலமாகச் சந்தேகிக்கப்படுவது இரண்டு. லேப்ராஸ்கோப்பியில் கருப்பையை அப்படி இப்படித் திருப்ப, யோனி வழியாக மேனிபுலேட்டர் என்ற கம்பிக் கருவியைக் கருப்பைவாய்க்குள் செருகுவார்கள். புற்று இருக்கிற இடத்தையே அது குத்தி அழுத்துகிறது. அடுத்தது, கரியமில வாயு நிரப்பி உப்பவைத்த வயிற்றுக்குள்ளிருந்தே யோனியை அறுக்கும்போது, புற்று இருக்கும் முனை வயிற்றுக் குழிக்குள் திறந்துகொள்கிறது. 2013, 2014-இல் ஐரோப்பாவில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைப் பார்த்த சக்கர் ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. மேனிபுலேட்டர் பயன்படுத்தியவர்களிடம் நோய் திரும்பும் அபாயம் திறந்த ஆபரேஷனைப்போல 2.76 மடங்காக இருந்தது. பயன்படுத்தாதவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, காரணத்தை அடித்துச் சொல்லும் வலு அதற்கு இல்லை.

இப்போது நம் பெண்ணிடம் திரும்புவோம். அவருக்குக் கருப்பைவாயே இல்லை. மேனிபுலேட்டர் செருக இடமில்லை. கண்ணுக்குத் தெரிந்த கட்டி வெளியே போய்விட்டது, விளிம்பும் சுத்தம். ஆக, லாக் ஆய்வில் தீங்கு செய்ததாகக் கருதப்படும் இரண்டுமே இங்கே பெரிதும் இல்லை. அதனால் மறு ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோட்டிலோ செய்வதில் தர்க்கப்படி நியாயம் இருக்கிறது. திறமையான கைகளில் அது முடியும் என்று காட்டும் சிறு தொகுப்பு அறிக்கைகளும் உண்டு. ஆனால் லாக் ஆய்வில் இப்படிப்பட்ட பெண்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "லாக் ஆய்வு கூடாது என்றது" என்று இவர்களிடம் சொல்வதும் சரியில்லை. "உங்களுக்கு அது பொருந்தாது, கவலையே வேண்டாம்" என்று உறுதி கொடுப்பதும் சரியில்லை. முதல் ஆபரேஷனே மேனிபுலேட்டர் வைத்த லேப்ராஸ்கோப்பியாக இருந்திருந்தால், தீங்குக்கான வாய்ப்பு அப்போதே நடந்து முடிந்திருக்கிறது. அதைவிட மோசம், பெரிய கருப்பையை மோர்சலேட்டர் என்ற இயந்திரத்தால் வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுத்திருப்பது. அதில் விளிம்பைப் பற்றிய தகவலே கலைந்துபோகும். எனவே பழைய ஆபரேஷன் குறிப்பு பயாப்சி ரிப்போர்ட்டுக்குச் சமமான ஆவணம். புதிய மருத்துவரிடம் போகும்போது அதையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

மறு ஆபரேஷனின் உண்மையான கடினம் தோலில் போடும் துளையில் இல்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யுரேட்டர் என்ற மெல்லிய குழாய், கருப்பைவாய்க்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பக்கத்தில், கருப்பைக்குப் போகும் தமனிக்கு அடியில் நுழைந்து செல்கிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். விரிவான ஆபரேஷனில் அந்தப் பாலத்தை அவிழ்த்து, குழாயைப் பாராமெட்ரியத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். முதல்முறை என்றால் திசுக்கள் தாள்தாளாகப் பிரியும். ஏற்கெனவே ஒருமுறை வெட்டித் தைத்த இடத்தில் பாலம் அறுக்கப்பட்டு முடிச்சிடப்பட்டிருக்கும். தழும்பு குழாயை நடுவை நோக்கி இழுத்திருக்கும். சிறுநீர்ப்பை முன்னாலிருந்தும் மலக்குடல் பின்னாலிருந்தும் தைத்த யோனி முனையில் ஒட்டியிருக்கும். பிடித்து இழுத்துக் காட்டக் கருப்பை இல்லாததால், யோனிக்குள் ஒரு உருளையை வைத்து முனையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகத் தேடிப் பிரிக்கிறார்கள். லேப்ராஸ்கோப் கேமரா இந்த ஆழத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது இங்கே பெரிய உதவி. இடுப்பின் அடியில் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்களும் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் திரையில் தெளிவாகத் தெரியும். அந்த நரம்புகள் அடிபட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர்ப்பை காலியாகாது. சிலருக்கு வாரக்கணக்கில் குழாய் வேண்டியிருக்கும். யுரேட்டரில் காயம் பட்டால் சிறுநீர் யோனி வழியாகக் கசியும், அதைச் சரிசெய்ய இன்னோர் ஆபரேஷன். "எத்தனை துளை?" என்பதைவிட, "இதே மறு ஆபரேஷனை இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில்தான் பொருள் இருக்கிறது. அப்படிக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை.

இத்தனை சிரமமும் எதற்காக? கதிர்வீச்சைத் தவிர்க்க. அது தவிர்க்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மறு ஆபரேஷனுக்கே அர்த்தம். மறு ஆபரேஷனும் செய்து, பிறகு முடிச்சில் புற்று தெரிந்து கதிர்வீச்சும் கொடுத்தால் இரண்டின் தீங்கும் ஒரே உடலில் சேர்கிறது. 1997-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று, தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஆபரேஷனையும் கதிர்வீச்சையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரண்டிலும் ஒன்றுதான், 83 சதவீதம். ஆனால் ஆபரேஷன் பிரிவில் 64 சதவீதம் பேருக்குப் பிறகு கதிர்வீச்சும் தேவைப்பட்டது. கடுமையான பக்கவிளைவு அந்தப் பிரிவில் 28 சதவீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 12 சதவீதம். இன்றைய கருவிகளில் எண்கள் மாறியிருக்கலாம். பாடம் மாறவில்லை.

கதிர்வீச்சும் கருப்பை போன பிறகு அத்தனை எளிதல்ல. கருப்பை இருந்தால் உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சுக்கு அதன் குழிதான் கருவியைத் தாங்கும் இடம், அங்கிருந்து பாராமெட்ரியத்துக்கு நல்ல அளவு போய்ச்சேரும். கருப்பை இல்லாதபோது யோனிக்குள் வைக்கும் உருளை மட்டுமே, அதன் வீச்சு சில மில்லிமீட்டர்தான். கருப்பை இருந்த வெற்றிடத்தில் சிறுகுடல் வந்து இறங்கி, சில சமயம் தழும்பில் ஒட்டிக்கொண்டு, கதிரை வாங்கிக்கொள்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய பார்சர் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்ட 300 பெண்களைப் பார்த்தார்கள். சாதாரண நீக்கத்துக்குப் பிறகு வந்தவர்களும் அதில் உண்டு. தினமும் படம் பார்த்துக் குறிவைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் மூன்று ஆண்டில் குடல் பாதிப்பு 21.1 சதவீதம், பழைய முறையில் 42.4. கதிர்வீச்சுதான் என்று முடிவானால் எந்த முறை என்று கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா! இளம்பெண் என்றால் சினைப்பைகளைக் கதிரின் வழியிலிருந்து மேலே நகர்த்தி வைக்கவும் முடியும். அதற்கு லேப்ராஸ்கோப்பி மிகப் பொருத்தம். அதில் யாருக்கும் சண்டையில்லை.

நடுவில் இருப்பவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. சிறிய கட்டிக்குப் பாராமெட்ரியத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு 2024-இல் வெளியான ஷேப் ஆய்வு பதில் சொன்னது. 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் அதிகமில்லாத கட்டியுள்ள 700 பெண்களில் மூன்று ஆண்டில் இடுப்புக்குள் நோய் திரும்பியது சாதாரண நீக்கத்தில் 2.52 சதவீதம், விரிவான நீக்கத்தில் 2.17 சதவீதம். நான்கு வாரத்துக்குப் பிறகும் சிறுநீர் அடைப்பு நீடித்தவர்கள் 0.6 சதவீதமும் 9.9 சதவீதமும். அதாவது, தெரியாமல் செய்த அந்தச் சாதாரண நீக்கம் சிலருக்குச் சரியான சிகிச்சையாகவே அமைந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது நிணநீர் முடிச்சுகளை மட்டும்தான், அதை லேப்ராஸ்கோப்பியிலேயே செய்யலாம். தழும்புபட்ட யுரேட்டரை அவிழ்க்கும் வேலையே இல்லை.

இதிலும் அவசரம் கூடாது. ஷேப் ஆய்வில் இருந்தவர்கள் முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2021-இல் வெளிவந்த கான்செர்வ் ஆய்வில்தான் நம் பெண்ணைப் போன்றவர்கள் ஒரு தனிப் பிரிவாகவே இருந்தார்கள். தெரியாமல் சாதாரண நீக்கம் செய்துகொண்ட 16 பேருக்கு முடிச்சுகளை மட்டும் எடுத்தார்கள். இருவருக்கு நோய் திரும்பியது. மொத்த 100 பேரில் அது மூன்றே பேருக்குத்தான். 16 என்பது முடிவு கட்டப் போதாத எண். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. முடிச்சு ஆய்விலும் ஒரு சிக்கல் உண்டு. கருப்பைவாயில் சாயம் செலுத்தி முதல் முடிச்சை மட்டும் தேடியெடுக்கும் நுட்பம், சாயம் செலுத்தக் கருப்பைவாய் இல்லாதவருக்கு அப்படியே உதவாது. எனவே இடுப்பு முடிச்சுகளை முழுமையாக எடுக்க வேண்டிவரும். கால் வீக்கம் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்த முடிவுகளெல்லாம் ஒரே மருத்துவரின் மேசையில் எடுக்க வேண்டியவை அல்ல. ஆபரேஷன் செய்பவர், கதிர்வீச்சு மருத்துவர், நோய்க்குறியியல் நிபுணர் மூவரும் ஒரே தகட்டையும் ஒரே ஸ்கேனையும் பார்த்துப் பேசிய பிறகு பெண்ணிடம் சொல்லப்பட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு, இது வேறு.

இத்தனைக்கும் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதுதான் மனதை உறுத்துகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முன்னோடி மாற்றம், அதாவது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய செல் மாற்றம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கச் சோதனையும் உண்டு. உதிரப்போக்கு என்றதும் ஸ்கேனில் தெரிந்த ஃபைப்ராய்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கருப்பைவாயைக் கண்ணால் பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது நடக்கிறது. யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்து, கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டிச் சோதிக்கும் பாப் ஸ்மியர் அல்லது இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை எடுத்து, அதில் சந்தேகம் வந்தால் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்துச் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே கருப்பையை எடுக்க வேண்டும். உயிரைக் காக்க அவசரமாக எடுக்கும்போது இதற்கெல்லாம் நேரமிருக்காது, அது தவிர்க்க முடியாதது. கருப்பைவாய்க் கால்வாயின் உள்ளே உயரத்தில் ஒளிந்திருக்கும் சுரப்பிசெல் வகைப் புற்றும் பாப் ஸ்மியரில் தப்பக்கூடும். இன்னொரு சூழல் உண்டு. முன்னோடி மாற்றத்துக்காகக் கூம்பு வடிவில் திசுவை வெட்டியெடுத்து, அதன் விளிம்பில் இன்னும் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. "எதற்கு வம்பு, கருப்பையையே எடுத்துவிடலாம்" என்று தோன்றும் நேரம் அது. அந்த விளிம்புக்கு அப்பால் புற்று இருக்கிறதா என்று இன்னொரு கூம்பு வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் கருப்பையைத் தொட வேண்டும்.